மல்லும் ஒரு கூத்தே

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலை. புளியந்தீவில் வாவிக்கரையை அண்டிய கோயில் வீதி ஒன்றிலே, பள்ளி விட்டு வந்த சிறுவர் நால்வர் மற்போர் ஆடிக்கொண்டிருந்தனர். இரவிலே தொலைக்காட்சியிற் கண்டதைப் பகலிலே மணலில் ஆடிப் பார்ப்பது பிள்ளைகளின் வழக்கந்தானே? ஒருவன் மற்றவனைத் தோளுக்கு மேலே தூக்கினான். தூக்கியவனுக்குப் பிடிக்கத் தெரியவில்லை. தூக்கப்பட்டவனுக்கு விழத் தெரியவில்லை. காறை எலும்பு முறிந்தது.

முறிந்தவன் என்னிடம் தமிழ் கற்ற மாணவன். மறுநாள் ஆசுபத்திரிக்குப் போனேன். கட்டிலைச் சுற்றி உறவினர் நின்றார்கள். ஆளுக்கொரு புத்தி சொன்னார்கள். "அது முழுக்கப் பொய்ச் சண்டை மனே, அதப் பாத்துப் போட்டு ஆராவது இப்படிச் செய்வாங்களா?" என்றார் அவனுடைய பெரியம்மா. பையன் எல்லாவற்றையும் பொறுமையோடு கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்த்துக் கேட்டான்: "பொய்யெண்டா எனக்கு ஏன் சேர் நொந்தது?"

எனக்கு விடை வரவில்லை. முப்பது ஆண்டுகள் மெய்ப்பாட்டியலும் சிலப்பதிகாரமும் கற்பித்தவன், ஒரு சிறுவனின் ஒற்றை வினாவுக்கு விடையின்றி, கொண்டுபோன தோடம்பழத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுத் திரும்பினேன். இக்கட்டுரை அவனுக்குச் சொல்ல எண்ணிய விடை. காலந் தாழ்ந்து வருகிறது, அவ்வளவே.

தொழில்முறை மற்போரைப் பற்றி நம் படித்த வீடுகளிலே பேச்சு எழுவது அரிது. எழுந்தாலும் 'ஏமாற்று வித்தை' என்ற ஒரு சொல்லோடு முடிந்துவிடும். செய்தி கேட்பதற்காகத் தொலைக்காட்சியைத் திறந்தேன், அது ஓடிக்கொண்டிருந்தது, அரை மணி நேரம் பார்க்க நேர்ந்துவிட்டது என்று சொல்லும் நண்பர் சிலரை நான் அறிவேன். அரை மணி நேரம் பார்க்க நேரும் ஏமாற்று, சிறிது ஆராயத்தக்கதே.

முதலில் மறைப்பதற்கு ஒன்றுமில்லாத செய்தியைச் சொல்லிவிடுவோம். வெல்பவர் யார், தோற்பவர் யார், எந்தப் பிடியிலே ஆட்டம் முடியும் என்பன முன்னரே முடிவு செய்யப்படுகின்றன. அத் தொழிலை நடத்துவோர் இதை ஒருகாலத்திலே உயிர்போல் மறைத்தனர். நல்லவனாக ஆடுபவனும் தீயவனாக ஆடுபவனும் ஊரறிய ஒரு வண்டியிற் செல்லமாட்டார்கள். 1984 டிசம்பரில் நியூயோர்க்கில், 'இது போலி என்று நினைக்கிறேன்' என்று சொன்ன ஒரு தொலைக்காட்சிச் செய்தியாளரை டேவிட் ஷூல்ட்ஸ் என்னும் மல்லர் இரு காதுகளிலும் அறைந்த செய்தி உலகெங்கும் பரவிற்று. ஆனால் ஐந்தாண்டு கழியுமுன்னரே நிலைமை தலைகீழாயிற்று. 1989இல் நியூ ஜேர்சி மாநிலச் சட்டசபையின் முன்னே, அக்காலத்து மிகப் பெரிய மற்போர் நிறுவனம் தானே வந்து, 'நாங்கள் நடத்துவது போட்டியன்று, கேளிக்கை' என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் வரியிலிருந்தும் தப்ப வேண்டியிருந்தது; மானத்தினும் வரி பெரிதாயிற்று. 2002இல் அந்நிறுவனம் தன் பெயரை மாற்ற நேர்ந்தபோது, பெயரின் ஈற்றெழுத்தே 'கேளிக்கை' என்பதைக் குறிப்பதாய் அமைந்தது. டபிள்யூ.டபிள்யூ.ஈ. என்று நம் பிள்ளைகள் சொல்லும் பெயரின் கடைசி எழுத்து அதுதான்.

ஆகவே இன்று மற்போரைப் பார்த்து 'இது பொய்' என்று கண்டுபிடித்துச் சொல்பவர், கூத்துக் களரியின் ஓரத்தில் நின்று, 'அதோ கர்ணன் என்று வருகிறவன் கர்ணன் அல்லன், எங்கள் பக்கத்து வளவுக் கந்தப்பன்' என்று கூவுகிறவரை ஒப்பார். கந்தப்பன் என்பது எல்லார்க்குந் தெரியும். தெரிந்துகொண்டே அழுகிறோம்.

தமிழிலே மல் என்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று புறநானூற்று வழி. போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்னும் சோழன் ஆமூர் மல்லனைப் பொருது வென்றதைச் சாத்தந்தையார் பாடினார். ஒரு காலை மார்பில் மடித்து ஊன்றி, மறு காலால் அவன் சூழ்ச்சியைத் தடுத்து முதுகை வளைத்து, மூங்கிலைத் தின்ன முயலும் யானைபோலத் தலையும் காலும் ஒருங்கே முறிய மோதிய காட்சியைப் புலவர் பக்கத்தில் நின்று பார்த்தவர்போலச் சொல்கிறார். அவ்வளவும் சொல்லிவிட்டு அவர் வேண்டுவது ஒன்றுதான்: மகனோடு மனம் வேறுபட்டிருந்த தந்தை தித்தன் இதைக் காணவேண்டும், அவன் மகிழ்வானோ மகிழானோ, காணவேண்டும். போரின் முடிவைவிட அதனைப் பார்க்க வராதவனின் முகமே புலவருக்குப் பெரிதாய்ப் படுகிறது. நக்கண்ணையாரோ அவ்வீரனைக் காதலித்துப் பாடினார். ஒரு மல்லனைச் சுற்றிப் பார்ப்போரின் மனத்தில் எத்தனை நாடகம்!

மற்றது சிலப்பதிகார வழி. கடலாடு காதையிலே மாதவி இந்திர விழாவில் ஆடிய பதினோர் ஆடல்கள் கூறப்படுகின்றன. மாயவன் கஞ்சனின் யானையை அடக்கியது அல்லியம். முருகன் கடல் நடுவே சூரனை வென்று ஆடியது துடி. இவற்றிடையே ஓர் ஆடலின் பெயர் 'மல்'. மாயவன் மல்லனாக வடிவுகொண்டு வாணாசுரனோடு பொருது அவனை அழித்த கதையை ஆடிக் காட்டுவது அது. எண்ணிப் பாருங்கள்: புகாரின் நாடக அரங்கிலே, ஒரு பெண், இசைக்கும் தாளத்துக்கும் இயைய, முடிவு எல்லார்க்கும் தெரிந்த ஒரு மற்போரை ஆடுகிறாள். அதனை எவரும் பொய்ச் சண்டை என்னவில்லை. ஆடல் என்றார்கள், கலைகளின் வரிசையிலே வைத்தார்கள். உரைகாரர் இப் பதினொன்றையும் நின்றாடல் ஆறு, வீழ்ந்தாடல் ஐந்து என்று பிரிப்பர். மல்லை நின்றாடலிலே சேர்த்தனர். இன்றைய மற்போரைக் கண்டிருந்தால் அவர் அதனை மறு பட்டியலுக்கு மாற்றியிருப்பார் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. காரணம் பின்னே வரும்.

கண்ணகிக்கு வைகாசிதோறும் குளிர்த்தி செய்யும் இந்நாட்டிலே, சிலம்பிலுள்ள ஓர் ஆடலை நினைவூட்ட ஓர் அமெரிக்கத் தொலைக்காட்சி வரவேண்டியிருந்தது என்பது சிறிது நாணத்தக்கதே.

மேல்நாட்டிலும் மல் புறநானூற்று வழியிலே தொடங்கிச் சிலப்பதிகார வழிக்கு வந்தது. வந்த காரணம் எளிது: உண்மையான மற்போர் பார்ப்பவனுக்கு மிகப் பெரும்பாலும் சலிப்பூட்டுவது. 1910 செப்டெம்பரிலே நம் துணைக்கண்டத்துப் பெருமல்லர் காமா, இலண்டனிலே போலந்து நாட்டு ஸிபிஸ்கோவைச் சந்தித்தார். இரண்டரை மணி நேரத்துக்கு மேல் நடந்த அப்போரிலே, ஸிபிஸ்கோ பெரும்பகுதியும் விரிப்பைக் கட்டிக்கொண்டு குப்புறக் கிடந்தார். முடிவு எட்டவில்லை. அடுத்த வாரம் மறுபோர் என்றார்கள், ஸிபிஸ்கோ வரவேயில்லை. (1928இல் பட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது காமா ஒரு நிமிடத்துக்குள் வென்றார், இது வேறு கதை.) 1916 ஜூலை 4ஆம் நாள் அமெரிக்காவின் ஓமஹா நகரிலே, ஜோ ஸ்டெக்கரும் 'ஸ்ட்ராங்கிளர்' லூயிஸும் ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஒருவரையொருவர் பற்றிக்கொண்டு நின்று சமநிலையில் முடித்தனர். காசு கொடுத்து வந்தவர்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

அந்த லூயிஸே, பில்லி சான்டோ, டூட்ஸ் மொண்ட் என்னும் இருவரோடு சேர்ந்து, 1920களிலே மற்போரைக் கூத்தாக்கினார். நேரம் வரையறுக்கப்பட்டது. பிடிகள் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியுமாறு விரிந்தன. கதை வந்தது, பழிவாங்கல் வந்தது, அடுத்த வாரமும் ஆவலோடு மக்கள் வரும்படி ஆட்டம் ஓர் இடத்தில் அறுக்கப்பட்டது. போட்டி இறந்தது என்று சிலர் புலம்பினர். உண்மையில் நாடகம் பிறந்தது.

பிரான்சு நாட்டு எழுத்தாளர் ரோலான் பார்த், 1957இல் வெளிவந்த தம் 'தொன்மங்கள்' என்ற நூலின் முதற் கட்டுரையையே மற்போருக்கு ஒதுக்கினார். அது விளையாட்டன்று, காட்சி என்பதும், பார்ப்போர் நாடுவது யார் வெல்வார் என்பதையன்று, துன்பமும் தோல்வியும் நீதியும் கண்முன்னே தெளிவாய்த் தோன்றுவதையே என்பதும் அவர் கருத்து. அவர் கிரேக்க நாடகத்தை நினைத்து எழுதினார். மட்டக்களப்பாருக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை.

நமது வடமோடிக் கூத்தை நினையுங்கள். ஓர் ஊரிலே கூத்துப் போட முடிவானால் முதலில் சட்டங் கொடுப்பார்கள். யாருக்கு எப்பாத்திரம் என்பது அங்கேயே முடிந்துவிடும். பின்னே மாதக்கணக்கில் ஆட்டம் பழக்குவார் அண்ணாவியார். சதங்கை அணி விழா வரும். கிழமைக் கூத்து, அடுக்குப் பார்த்தல் என்று படிகள் தொடரும். அரங்கேற்ற நாளிலே வட்டக் களரியைச் சுற்றி நாற்புறமும் மக்கள் இருப்பார்கள். அவர்களிலே பாதிப் பேர் பழக்கத்தின்போதே கதையையும் பாட்டையும் மனனஞ் செய்தவர்கள். கர்ணன் சாவான் என்பது பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஆயினும் விடியற் சாமத்திலே கண்ணன் பிராமண வடிவத்தில் வந்து புண்ணியத்தைத் தானங் கேட்கும்போது, என் பாட்டி கண்ணனைத் திட்டியது இன்னும் காதில் இருக்கிறது. "குடுக்காத மனே, அவன் கள்ளன்!" என்றாள், களரிக்குக் கேட்க. ஐம்பது முறை அக்கூத்தைப் பார்த்தவள் அவள். ஐம்பது முறையும் கர்ணன் கொடுத்தான். ஐம்பத்தோராவது முறை கொடுக்காமல் விடுவானோ என்ற ஐயம் அவளுக்கு இருந்ததாக நான் நினைக்கவில்லை. சொல்லவேண்டியது அவள் கடமை. அந்தக் குரலும் கூத்தின் ஒரு பகுதி.

மற்போர் அரங்கிலே தீயவன் நடுவருக்குத் தெரியாமல் பின்னால் வரும்போது, ஆயிரம் குரல் எழுந்து நல்லவனை எச்சரிக்கும். அவன் திரும்பமாட்டான் என்று அந்த ஆயிரம் பேருக்கும் தெரியும். என் பாட்டி அவ்விடத்தில் இருந்திருந்தால் ஆயிரத்தொன்றாயிருக்கும்.

ஒப்புமை இதனோடு நில்லாது. கூத்திலே அரசன் சும்மா வந்துவிடுவானா? கட்டியகாரன் முன்னே வந்து அவன் பெருமை கூறுவான். மத்தளமும் சல்லாரியும் அவனுக்குரிய தாளத்தைக் கொட்டும். வரவுப் பாட்டு எழும். களரியைச் சுற்றி ஆடி, தான் யார் என்பதை உடம்பாலேயே சொல்லிவிட்டுத்தான் அவன் வசனம் பேசுவான். மற்போரில் அறிவிப்பாளன் கட்டியங் கூறுகிறான். ஒவ்வொரு மல்லனுக்கும் உரிய இசை முழங்குகிறது. நீண்ட பாதையில் அவன் நடந்துவரும் நடையே அவன் குணத்தைச் சொல்கிறது. இது வரவு அன்றி வேறென்ன? போரிடும் நேரத்தினும் வரவு நீள்வதும் உண்டு. நம் கூத்திலும் அப்படியே. ஒரு வேறுபாடு மட்டும் எனக்கு நகைப்பைத் தரும். அவர்கள் தம் அரங்குக்கு 'வளையம்' என்று பெயரிட்டுச் சதுரமாகக் கட்டியிருக்கிறார்கள். நம் களரி பேருக்கும் வட்டம், ஊருக்கும் வட்டம்.

அண்ணாவியார் எங்கே என்று கேட்கலாம். அரங்கின் நடுவே கோடுபோட்ட சட்டையோடு நிற்கும் நடுவரைப் பாருங்கள். தரையிற் கிடப்பவனின் தோளைக் குனிந்து பார்ப்பதுபோல் அவர் குனிவார். அப்போது எத்தனை நிமிடம் இருக்கிறது, எப்போது முடிக்கவேண்டும் என்று காதிலே சொல்லிவிடுவார். மல்லர் இருவரும் பிடிக்குள் முகம் புதைத்து அடுத்த பிடியின் பெயரை முணுமுணுப்பார்கள். முடிவு மட்டுமே முன்னர் எழுதப்பட்டது. இடைப்பட்டதிற் பெரும்பகுதியைக் கூட்டத்தின் மூச்சைக் கேட்டு அவ்விடத்திலேயே பின்னுகிறவர்களே அத்துறையில் தேர்ந்தவர். கிழக்கு வெளுப்பதைப் பார்த்துப் பாட்டைக் குறுக்கியும் நீட்டியும் கூத்தை விடியலிற் கொண்டுபோய் நிறுத்தும் அண்ணாவியாரை அறிந்தவருக்கு இதன் அருமை புரியும்.

இனி, பையனின் கேள்விக்கு நெருங்கி வருகிறேன்.

மற்போரிலே மிக அரிய வித்தை வெல்லுவதன்று, விழுவது. தூக்கி எறியப்படுபவனைக் கூர்ந்து பாருங்கள். எறிபவன் தூக்குவதுபோல் தோன்றும். பாதிப் பாரம் தூக்கப்படுபவன் தானே எம்பித் தருவது. காற்றிலே அவன் நாடியை நெஞ்சோடு ஒட்டிக்கொள்வான். தலை பின்னே அடிபடாதிருக்க அது. நிலத்தைத் தொடும்போது முதுகு முழுவதும் ஒரே கணத்தில் படியவேண்டும். இரு கைகளும் விரிந்து தளத்தை அறையவேண்டும். மூச்சு வெளியே போய்விட்டிருக்கவேண்டும். ஓர் இடத்தில் விழும் அடியை உடம்பு முழுவதற்கும் பகிர்ந்து கொடுக்கும் கணக்கு இது. தளமும் பஞ்சணை அன்று. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, பலகையின் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கித்தான். ஆயிரம் முறை விழுந்து பழகிய பின்னும் அது நோகும். நெஞ்சிலே விரித்த கையால் அறையும் அறை, பெரும்பாலும் உண்மையான அறையே. சிவந்த தடத்துக்கு எவரும் வர்ணம் பூசுவதில்லை.

எறிபவனின் பொறுப்போ இன்னும் பெரிது. எதிரியின் கழுத்து அவன் கையில் இருக்கிறது. பகைவன்போலப் பல்லைக் கடித்துக்கொண்டே தாயைப்போல இறக்கிவைக்கவேண்டும். கோபம் காட்டவேண்டும், கோபப்படக் கூடாது. உண்மையான சினம் கணப்பொழுது புகுந்தாலும் ஒருவன் வாழ்நாள் முழுவதும் நடக்க முடியாமற் போகலாம். இரு மனிதர் தம் உடம்பை ஒருவர் கையில் ஒருவர் ஒப்படைத்து, அந்த ஒப்படைப்பை வெறுப்பு என்ற வேடத்தால் மூடி ஆடுவதே மற்போர். 'பொய்ச் சண்டை' என்னும் தொடரிலே உண்மையாகப் பொய்யானது சண்டை மட்டுமே. பாரம் மெய், உயரம் மெய், விழுதல் மெய், நோவு மெய்.

ஜப்பானிலே மிட்சுஹாரு மிசாவா என்று ஒரு மல்லர் இருந்தார். அந்நாட்டார் அவரை ஒரு பெருங்கலைஞராகவே போற்றினர். பல்லாண்டு காலம் எவ்வளவோ கடுமையான வீழ்ச்சிகளைத் தாங்கிய உடம்பு அது. 2009 ஜூன் 13ஆம் நாள் ஹிரோஷிமாவில், அவர் எத்தனையோ முறை தாங்கியிருந்த ஒரு பிடியிலே, பின்புறமாகத் தூக்கி எறியப்பட்டவர் எழவில்லை. அன்றிரவே இறந்தார். அவருக்கு வயது 46. அன்றைய ஆட்டமும் எழுதப்பட்ட ஆட்டந்தான். எழுதியவர் எவரும் அந்த முடிவை எழுதவில்லை.

இவ்வளவு புகழ்ந்த பின் குறையுஞ் சொல்லாவிட்டால் நடுநிலை ஆகாது. மற்போரில் எனக்கு ஒவ்வாதன பல. நெற்றியை வேண்டுமென்றே கீறிக் குருதி காட்டும் வழக்கம் அவற்றுள் ஒன்று; கூத்திலே குருதி வேண்டியதில்லை, நல்ல ஆட்டக்காரன் அதைச் சதங்கையாலேயே காட்டுவான். பிறநாட்டானைத் தீயவனாக்கிக் கூட்டத்தின் வெறுப்பைக் கிளறுவது இன்னொன்று. அமெரிக்க அரங்கிலே சப்பானியனும் அராபியனும் உருசியனும் காலத்துக்குக் காலம் இந்த வேடத்தைச் சுமந்தனர். நம் பக்கத்திலும் இது நடந்தது. பஞ்சாபியரான தாராசிங், திரான்சில்வேனியாவிற் பிறந்து சிங்கப்பூரிலே வாழ்ந்த பெருவுருவினரான கிங்கொங் ஆகிய இருவரின் மோதலிலே, புதிதாய்ச் சுதந்திரம் பெற்ற நாட்டு மக்கள் எதைக் கண்டு ஆரவாரித்தனர் என்பதை ஊகிப்பது எளிது. என் பள்ளிக்காலத்தில் இரு குண்டுப் பையன்கள் மோதிக்கொண்டால் 'கிங்கொங்கும் தாராசிங்கும்' என்று கேலி செய்வோம். அவ்வளவுக்கு அப்பெயர்கள் நம் ஊர்வரை வந்திருந்தன. அந்தத் தாராசிங் பிற்காலத்தில், 1987இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய இராமாயணத் தொலைக்காட்சித் தொடரிலே அனுமனாக வந்தார். மல்லன் கூத்தனானான் என்று சொன்னார்கள். அவர் முன்னும் கூத்தரே என்பது என் கருத்து. வேடம் மட்டும் மாறிற்று.

கூத்தையே நாம் ஒருகாலத்தில் இப்படித்தான் தள்ளிவைத்திருந்தோம் என்பதையும் மறத்தலாகாது. பட்டினத்துப் படித்தவர்க்கு அது நாட்டுப்புறத்தார் கூச்சல். பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் 'கர்ணன் போர்' கூத்தை மேடையேற்றினார். 'நொண்டி நாடகம்', 'இராவணேசன்', 'வாலி வதை' எனத் தொடர்ந்தார். வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியாரின் ஆட்டமரபு பல்கலைக்கழக மண்டபத்திலே ஒலித்தது. சி. மௌனகுரு இராவணனாக ஆடினார். அதன் பின்னரே 'இதுவும் கலையோ?' என்று கேட்டவர் பலரும் வாய் மூடினர். கலை அதற்கு முன்னும் கலையாகவே இருந்தது. பார்த்த கண்ணே புதிது.

எழுதப்பட்ட முடிவு போட்டியைக் கெடுக்கும் என்பவருக்கு நம் கொம்புமுறியை நினைவூட்டலாம். கண்ணகி பெயரால் ஊர் வடசேரி, தென்சேரி என்று இரு வாரங்களாகப் பிரிந்து, வளைந்த கொம்புகளை ஒன்றிலொன்று மாட்டி இழுக்கும் அவ்விளையாட்டிலே முடிவு எவருக்கும் தெரியாது. எந்தக் கொம்பு முறியுமோ அந்தச் சேரி தோற்றது. வென்றவர் தோற்றவரை வசை பாடலாம். அருமையான விளையாட்டு, ஆனால் அது உண்மையான கைகலப்பிலே முடிந்து, உறவுகள் பல காலம் முகம் பாராதிருந்த கதைகளை முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். விடிய விடியக் குருக்கேத்திரப் போர் ஆடிய களரியிலோ, சூரியன் உதித்ததும் வீமனும் துரியோதனனும் ஒரே பாயிலிருந்து தேநீர் குடித்தார்கள்.

தொல்காப்பியர் நாடக வழக்கு என்றும் உலகியல் வழக்கு என்றும் இரண்டைச் சொன்னார். நாடக வழக்கென்பது உலகில் அங்கும் இங்கும் சிதறி நிகழ்பவற்றுட் சுவையுடையனவற்றை ஓரிடத்தே திரட்டிக் காட்டுவது என்று உரைகாரர் விளக்குவர். ஐந்து மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்ற ஓமஹாப் போர் உலகியல். அதிலே நிகழ்ந்திருக்கக்கூடிய அச்சமும் வெகுளியும் பெருமிதமும் இருபது நிமிடத்திலே திரள்வது நாடகம். பொய் என்ற சொல்லுக்கு இவ்விரண்டிலும் இடமில்லை. பொய் எங்கே வரும்? நாடகத்தைக் காட்டி, இது உலகியல் என்று சொல்லிக் காசு வாங்கும் இடத்தில் வரும். ஒருகாலத்து மற்போர் வணிகர் அவ்வாறு செய்தனர். அந்தப் பழி அவர்களுடையது, ஆடியவருடையதன்று. நாடகத்தைப் பார்த்துவிட்டு, இதுவும் உலகியல், எனக்கும் வரும் என்று மணலிலே தோழனைத் தூக்கும் இடத்திலும் வரும். அங்கே பழி யாருடையது? 'அது பொய்' என்று சொல்லி, அதற்குப் பின்னே ஆண்டுக்கணக்கான பயிற்சி இருக்கிறது என்பதைப் பிள்ளைக்கு மறைத்துவிட்ட நம்முடையது என்றே எண்ணுகிறேன். பொய் என்றால் எளிது என்றல்லவா ஒரு பிள்ளை விளங்கிக்கொள்ளும்?

இதையெல்லாம் அவனிடம் சொல்லப் பல மாதம் கழித்தே வாய்ப்புக் கிடைத்தது. அவனுடைய எலும்பு பொருந்தி, தோள் பழையபடி ஆகியிருந்தது. கந்தசஷ்டியின் ஆறாம் நாள். சூரன்போர் பார்க்க இருவரும் ஒன்றாக நின்றோம். வீதி நிறைந்த சனம். முருகன் அசையாமல் நிற்க, சூரனே வீதியின் இரு முனைக்கும் ஓடினான், ஆடினான், சினந்து திரும்பினான். யானைமுகம் போயிற்று, சிங்கமுகம் போயிற்று, மாமரம் வந்தது. ஒவ்வொரு தலை விழும்போதும் அரோகரா எழுந்தது. முருகனைச் சுமந்தவர்களுக்கு அன்று வேலை குறைவு. சூரனைச் சுமந்தவர்களுக்கோ மேலெல்லாம் வேர்வை.

நான் மாயவன் ஆடிய மல்லைப்பற்றியும் மிசாவாவைப்பற்றியும் சொல்லத் தொடங்கினேன். பையன் கேட்கிறானா என்று தெரியவில்லை. சூரனையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி முறையாக வேல் பட்டுச் சூரன் பின்னே சரிந்தான். அவ்வளவு உயரமான உருவம், அத்தனை சனத்துக்கு நடுவே, எவர் மேலும் படாமல், வேண்டிய இடத்தில் வேண்டிய வேகத்தில் சாய்ந்தது.

அவன் என் கையைப் பிடித்து இழுத்தான்.

"சேர், சூரனப் பாக்காதீங்க. பின்னுக்குத் தண்டு புடிச்சிருக்கிற அந்த மாமாட முழங்காலப் பாருங்க."